நான்கு சென்டிமீட்டர்: 104.80 மீட்டர் எறிதலும் ஈட்டி மாற்றப்பட்ட வரலாறும்

1984 ஜூலை 20 அன்று கிழக்கு பெர்லினில் நடந்த தடகளப் போட்டியில் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் எறிந்த ஈட்டி 104.80 மீட்டர் தொலைவில் தரையைத் தொட்டது. அதுவரை உலகச் சாதனை 99.72 மீட்டர். அமெரிக்காவின் டாம் பெட்ரானாஃப் 1983 மே மாதம் படைத்தது அது. சாதனைகள் சென்டிமீட்டர் கணக்கில் ஊர்ந்து செல்லும் ஒரு விளையாட்டில், ஒரே எறிதல் ஐந்து மீட்டரைக் கூட்டியது. நூறு மீட்டரைத் தாண்டி ஈட்டி எறிந்தவர் ஹோனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த எட்டு நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தொடங்கியது. சோவியத் அணியைப் பின்பற்றி கிழக்கு ஜெர்மனியும் அதைப் புறக்கணித்ததால் ஹோன் ஊரிலேயே இருந்தார். அங்கே தங்கம் வென்ற பின்லாந்து வீரர் ஆர்டோ ஹார்கோனன் எறிந்தது 86.76 மீட்டர். ஹோனின் எறிதலுக்கும் அதற்கும் 18 மீட்டர் இடைவெளி.

பிறகு 1986 ஏப்ரல் 1 முதல் ஆண்களுக்கான ஈட்டியின் வடிவம் மாற்றப்பட்டது. ஈர்ப்பு மையம் முனையை நோக்கி 4 சென்டிமீட்டர் நகர்த்தப்பட்டது. பழைய சாதனைகள் அனைத்தும் தனி ஏட்டுக்குப் போயின. புதிய ஈட்டிக்குப் புதிய பட்டியல் தொடங்கியது. அந்தப் பட்டியலின் முதல் சாதனை, அதே ஆண்டு செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியின் கிளாவ்ஸ் தாஃபல்மையர் எறிந்த 85.74.

இந்த வழக்கைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது ஒரே வரி: ஹோன் மிக அதிகத் தூரம் எறிந்துவிட்டார், பார்வையாளர்களுக்கு ஆபத்து என்று பயந்து விதியை மாற்றிவிட்டார்கள். இதில் பாதிதான் உண்மை. தூரத்தைவிட நடுவர்களைப் பல ஆண்டுகளாக வதைத்த இன்னொரு சிக்கல் இருந்தது. அதையும் 104.80ஐயும் உண்டாக்கியது ஒரே காற்றுதான் என்பது என் கருத்து. அதைக் காட்டக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

காற்று இல்லாமல் எறிந்தால்

ஆண்களின் ஈட்டி குறைந்தது 800 கிராம் எடை இருக்க வேண்டும். நீளம் 2.6 முதல் 2.7 மீட்டர். தண்டின் தடித்த இடத்தில் விட்டம் 25 முதல் 30 மில்லிமீட்டர். உலகத்தர வீரர்களின் கையிலிருந்து அது புறப்படும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 28 முதல் 30 மீட்டர், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். புறப்படும் கோணம் பெரும்பாலும் 32 முதல் 36 பாகை. பள்ளிப் பாடம் சொல்லும் 45 பாகையில் யாரும் எறிவதில்லை. அவ்வளவு செங்குத்தாக எறிய முயன்றால் ஓடி வந்த வேகத்தையும் தோள் வலிமையையும் முழுதாக ஈட்டிக்குக் கொடுக்க மனித உடலால் முடியாது.

காற்றே இல்லாத வெளியில் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் 36 பாகைக் கோணத்தில், தோள் உயரத்திலிருந்து எறிந்தால் ஈட்டி எவ்வளவு தூரம் போகும்? சுமார் 90 மீட்டர். ஏறக்குறைய 17 மீட்டர் உயரம் எழுந்து, நான்கு நொடிக்குள் இறங்கிவிடும். அதே வெற்றிடத்தில் 104.80 மீட்டரை எட்ட வேண்டுமானால் புறப்படும் வேகம் நொடிக்கு 32 மீட்டருக்கு மேல் இருந்தாக வேண்டும்.

காற்று எறிபொருளைத் தடுக்கும், அதனால் தூரம் குறையும் என்றுதான் நாம் இயல்பாக நினைக்கிறோம். கிரிக்கெட் பந்துக்கும் கால்பந்துக்கும் அது சரி. 7.26 கிலோ எடையுள்ள குண்டுக்குக் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈட்டியின் நிலைமை வேறு. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர் அளவுதான். பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் பரப்போ 550 சதுர சென்டிமீட்டருக்கும் அதிகம், கிட்டத்தட்ட எண்பது மடங்கு. முனை முன்னால் இருக்கும்படி நேராகச் செல்லும்போது காற்றுத்தடை ஈட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதே வேகத்தில் முழுதாகக் குறுக்கே திரும்பினால் தடை எடையைப் போல நான்கைந்து மடங்காகிவிடும்.

இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் ஈட்டியின் விளையாட்டு நடக்கிறது. ஈட்டி நோக்கும் திசைக்கும் உண்மையில் அது பயணிக்கும் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தைத் தாக்கு கோணம் என்பார்கள். முனை பயணத் திசையைவிடச் சற்று மேல்நோக்கி இருந்தால் காற்று அடிப்பக்கத்தில் மோதி ஈட்டியைத் தூக்கும். இதுவே தூக்குவிசை. தாக்கு கோணம் 10 பாகை என்றால் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நியூட்டன் கிடைக்கும். கோணம் 20 பாகையானால் நான்கு நியூட்டனை நெருங்கும். ஈட்டியின் எடை எட்டு நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. அதாவது எடையில் பாதியைக் காற்று சுமக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் அந்தக் கோணம் எப்போது உண்டாகிறது என்பதுதான் முக்கியம். புறப்படும் நொடியிலேயே முனை மேலே பார்த்தால் ஏறும் வேளையில் தடை கூடும், அது நட்டம். நல்ல வீரர் ஈட்டியை அதன் பாதையோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் விடுகிறார். உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கும்போது பயணத் திசை கீழ்நோக்கித் திரும்புகிறது. அப்போதும் முனை கவிழாமல் பழைய நிலையிலேயே நின்றால் தாக்கு கோணம் தானாக வளர்கிறது, தூக்குவிசை வேண்டிய இடத்தில் கிடைக்கிறது. ஈட்டி விழுவதை விட்டுவிட்டு மிதக்கத் தொடங்கும். பழைய ஈட்டிகள் செய்தது இதைத்தான். ஹோனின் கை அசாதாரணமானது என்பதில் சந்தேகமில்லை. அதே ஈட்டிதான் பெட்ரானாஃபுக்கும் மற்றவர்களுக்கும் கிடைத்தது, அவர்கள் யாரும் நூறைத் தொடவில்லை. ஆயினும் அந்த 104.80இல் கடைசிச் சில மீட்டர்களுக்கான கூலியைக் காற்று கொடுத்தது.

நடுவரின் தலைவலி

மிதக்கும் ஈட்டிக்கு ஒரு விலை உண்டு. முனை கவிழாததால் அது தரையிறங்கும்போது கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கும். முனை, நடுத்தண்டு, வால் எல்லாம் ஒரே நேரத்தில் புல்லைத் தொடுவது போலத் தெரியும்.

விதி தெளிவானது: உலோக முனை மற்ற எந்தப் பகுதிக்கும் முன்னதாகத் தரையைத் தொட வேண்டும். ஈட்டி குத்தி நிற்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. முனை முதலில் பட்டுவிட்டுச் சறுக்கிப் போனாலும் எறிதல் செல்லும். சிக்கல் எங்கே என்றால், 90 மீட்டர் தள்ளி வந்து தட்டையாக விழும் பொருளில் எது முதலில் பட்டது என்பதைக் கண்ணால் பார்த்து வெள்ளைக் கொடியா சிவப்புக் கொடியா என்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். மறுஒளிபரப்பைப் பார்த்துத் தீர்மானிக்கும் வசதி அன்றைய களத்தில் இல்லை. சென்ற இடமெல்லாம் வாக்குவாதம், முறையீடு. ஒரு வீரரின் ஆண்டு முழுவதுமான உழைப்பு புல்வெளியில் குனிந்து நிற்கும் ஒருவரின் ஊகத்தைப் பொறுத்துத் தீர்மானிக்கப்பட்டது. விதி மாற்றத்துக்குச் சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் தொழில்நுட்பக் குழு முன்வைத்த காரணங்களில் இந்தத் தட்டை வீழ்ச்சி முதன்மையானது.

பாதுகாப்புக் காரணமும் பொய்யில்லை. 400 மீட்டர் ஓடுபாதைக்கு உட்பட்ட களத்தின் நீளம் வளைவுகளையும் சேர்த்து 157 மீட்டர் அளவு, அகலம் 73 மீட்டர். ஈட்டி விழ அனுமதிக்கப்பட்ட பகுதி விசிறி போல விரிந்து, 100 மீட்டர் தொலைவில் 50 மீட்டர் அகலமாகிறது. களத்தின் மறுமுனையோ அங்கே வளைந்து குறுகத் தொடங்குகிறது. அந்த வளைவில் உயரம் தாண்டுபவர்கள் இருப்பார்கள், அதை ஒட்டி ஓட்டப் பந்தயம் நடக்கும். 105 மீட்டரில் தட்டையாக விழுந்து சறுக்கும் ஈட்டி யார் காலில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. விளையாட்டையே அரங்கத்துக்கு வெளியே அனுப்பிவிடலாம் என்ற பேச்சை யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

ஆக, இரண்டு புகார்கள். தூரம் அதிகம், வீழ்ச்சி தட்டை. இரண்டுக்கும் வேர் ஒன்றே: இறங்கும்போது முனை கவிழ மறுப்பது.

நான்கு சென்டிமீட்டர் செய்த வேலை

எடையைக் கூட்டியிருக்கலாம். 800 கிராமை 900 ஆக்கினால் தூரம் குறைந்திருக்கும். ஆனால் தட்டை வீழ்ச்சி அப்படியே இருந்திருக்கும். வீரர்களின் முழங்கையும் தோளும் கூடுதலாக அடி வாங்கியிருக்கும். குழு அந்த வழியில் போகாதது நல்ல முடிவு. விதிமாற்றங்களில் இவ்வளவு கச்சிதமாக நோயின் மேலேயே கை வைத்தது வேறொன்று எனக்கு நினைவில்லை.

எடை முழுவதும் குவிந்ததாகக் கொள்ளக்கூடிய புள்ளி ஈர்ப்பு மையம். காற்றின் மொத்த விசை செயல்படுவதாகக் கொள்ளக்கூடிய புள்ளி அழுத்த மையம். பறக்கும் ஈட்டி எப்போதும் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே திரும்பும். அழுத்த மையமும் அதே இடத்துக்கு அருகில் இருந்தால் காற்று ஈட்டியைத் தூக்கும், ஆனால் திருப்பாது. பழைய ஈட்டியில் அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. பறக்கும்போது சில வேளை அதற்கு முன்னாலும் போனது. முனை நிமிர்ந்தே இருந்தது அதனால்தான்.

ஈர்ப்பு மையத்தை முன்னால் தள்ளினால் அழுத்த மையம் அதற்குப் பின்னால் போய்விடும். இப்போது காற்று வாலை மேலே தூக்கும், முனை கீழே கவியும். அம்பின் பின்பக்கத்தில் இறகு கட்டுவது இதற்காகத்தான். புதிய விதி ஈட்டிக்கு இறகில்லாமலே இறகு கட்டியது. ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் தண்டின் பரப்பைக் குறைத்து, பின்னால் கூட்டியதும் அதே நோக்கத்தில்தான்.

இரண்டரை மீட்டருக்கும் நீளமான தண்டில் 4 சென்டிமீட்டர் என்ன பெரிய அளவு என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்க்கலாம். இறங்கும் ஈட்டியின் மேல் மூன்று நியூட்டன் தூக்குவிசை இருப்பதாகக் கொள்வோம். 4 சென்டிமீட்டர் கூடுதல் இடைவெளியால் உண்டாகும் திருப்பு விசை 0.12 நியூட்டன் மீட்டர். குறுக்கே சுழலுவதற்கு ஈட்டி காட்டும் எதிர்ப்பை, அதாவது அதன் நிலைமத் திருப்புத்திறனை, ஏறக்குறைய 0.42 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொள்ளலாம். வகுத்தால் நொடிக்கு நொடி 16 பாகை என்ற விகிதத்தில் சுழற்சி வேகம் கூடிக்கொண்டே போகிறது. இரண்டு நொடியில் 30 பாகைக்கு மேல் முனை கவிழ்ந்துவிடும். முனை கவியக் கவியத் தாக்கு கோணம் குறைந்து, தூக்குவிசையும் குறைந்து, திருப்பு விசையும் தளரும் என்பதால் நிஜத்தில் இது தானே அடங்கிவிடும். ஆனால் நோக்கம் நிறைவேற அதுவே போதும்: ஈட்டி பயணத் திசையைப் பின்தொடர்ந்து இறங்கும், முனை முதலில் குத்தும், மிதப்பதற்கு வாய்ப்பே இல்லை.

விளைவு, தூரத்தில் சுமார் 10 விழுக்காடு இழப்பு. முறையீடுகள் பெருமளவு ஓய்ந்தன. இன்றைய விதிநூலில் ஆண்கள் ஈட்டியின் முனையிலிருந்து ஈர்ப்பு மையம் வரையுள்ள தூரம் 90 முதல் 106 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பிடிகயிறு அந்த இடத்தைச் சுற்றியே கட்டப்படுவதால், கையில் பிடிக்கும் இடமும் முன்னுக்கு வந்துவிட்டது.

புதிய ஈட்டியில் தூக்குவிசை அறவே இல்லாமல் போய்விட்டதாக எண்ணக் கூடாது. அது குறைந்திருக்கிறது, முன்கூட்டியே அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். செக் நாட்டின் யான் ஜெலெஸ்னி 1996 மே 25 அன்று ஜெர்மனியின் யேனா நகரில் புதிய ஈட்டியை 98.48 மீட்டர் எறிந்தார். இன்றுவரை அதுவே உலகச் சாதனை. தடையால் போகும் தூரத்தைத் தூக்குவிசை ஏறக்குறைய ஈடுகட்டுகிறது என்பதால்தான் இப்படி எண்கள் சாத்தியமாகின்றன.

பெண்களுக்கு இதே மாற்றம் 1999 ஏப்ரலில்தான் வந்தது. பதின்மூன்று ஆண்டுத் தாமதம். கிழக்கு ஜெர்மனியின் பெட்ரா ஃபெல்கே 1988இல் பாட்ஸ்டாம் நகரில் சரியாக 80.00 மீட்டர் எறிந்தார். அந்தச் சாதனை பழைய ஏட்டிலேயே நின்றுவிட்டது. புதிய ஈட்டியில் செக் நாட்டின் பர்போரா ஸ்போடகோவா 2008இல் எறிந்த 72.28தான் பெண்கள் சாதனை. தட்டை வீழ்ச்சி ஆண்களுக்கு மட்டுமான சிக்கல் இல்லையே, 100 மீட்டர் என்ற பீதி இல்லாத இடத்தில் மட்டும் நடுவர்களும் வீராங்கனைகளும் இவ்வளவு காலம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்ற கேள்வி எனக்கு உண்டு.

வாலில் நடந்த வேலை

விதி வந்தால் அதைச் சுற்றிப் போகும் வழியும் வரும். இந்த வழக்கில் வழி கண்டுபிடித்தவர் வெளியாள் இல்லை. ஹங்கேரியின் மிக்லோஷ் நேமெத் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் எறிதலிலேயே 94.58 மீட்டர் எறிந்து உலகச் சாதனையோடு தங்கம் வென்றவர். அவருடைய தந்தை இம்ரே நேமெத் 1948இல் சங்கிலிக் குண்டு எறிதலில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். எறிதலே குடும்பத் தொழில் என்று சொல்லலாம்.

ஓய்வுக்குப் பிறகு நேமெத் ஈட்டி தயாரிப்பில் இறங்கினார். ஈர்ப்பு மையம் விதி சொன்ன இடத்தில்தான் இருந்தது. எடை, நீளம், விட்டம் எல்லாம் சரி. வால்பகுதியின் மேற்பரப்பை மட்டும் சொரசொரப்பாக்கினார். வேறு சில தயாரிப்பாளர்கள் குழிகளும் துளைகளும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பொருளின் மேலே வழியும் மெல்லிய காற்றுப் படலம், பரப்பு வழவழப்பாக இருப்பதற்கும் சொரசொரப்பாக இருப்பதற்கும் ஏற்ப நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிக்கொள்ளும். கோல்ஃப் பந்தில் குழிகள் இருப்பதும், கிரிக்கெட்டில் பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் விடாமல் துடைத்துப் பளபளப்பாக்குவதும் இதனால்தான். வாலில் காற்று பற்றும் விதம் மாறியதும் முனை கவிழ்வது தாமதமானது. விதி பறித்த மிதப்பில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

1990, 1991இல் சாதனைகள் விழுந்த வேகத்தைப் பார்த்தாலே தெரியும். 1990 ஜூலை தொடக்கத்தில் பிரிட்டனின் ஸ்டீவ் பாக்லி 89.58. அதே மாதத்தில் ஜெலெஸ்னி 89.66, பாக்லி மறுபடியும் 90.98. 1991 மே மாதம் பின்லாந்தின் செப்போ ரேட்டி ஜப்பானில் 91.98. அடுத்த மாதமே தன் நாட்டின் புங்கலைடுன் என்ற சிற்றூரில் 96.96. ஐந்து ஆண்டுக்கு முன் 85 மீட்டரில் தொடங்கிய பட்டியல் மறுபடியும் நூறின் வாசலுக்கு வந்துவிட்டது.

1991இன் பிற்பகுதியில் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் இந்த வால்களைத் தடை செய்தது. அத்தோடு நிற்காமல், அவற்றைக் கொண்டு எறிந்த சாதனைகளையும் பட்டியலிலிருந்து நீக்கியது. சொரசொரப்பான வால் இல்லாத ஈட்டியில் எறியப்பட்ட பாக்லியின் 89.58 மறுபடியும் உலகச் சாதனை ஆயிற்று. 1992 ஜனவரியில் அவரே நியூசிலாந்தில் 91.46 எறிந்து அதை மாற்றினார்.

தடை நியாயம். சாதனை நீக்கம் நியாயமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1987 உலகச் சாம்பியனான ரேட்டி எறிந்த அன்று அந்த ஈட்டி சட்டப்படி செல்லுபடியானது. விதியின் எழுத்தை அவர் மீறவில்லை. அவர் கையில் இருந்தது எல்லோரும் வாங்கக்கூடிய ஈட்டி. 1986இல் பழைய சாதனைகளைத் தனி ஏட்டில் பாதுகாத்த அமைப்பு, 1991இல் ஏட்டையே கிழித்தது. ஆனால் ஆய்வாளருக்கு இதில் ஒரு பயன் உண்டு. வழவழப்பான வால் கொண்ட ஈட்டியில் ரேட்டியின் மிகச் சிறந்த எறிதல் 1992இல் 90.60. மனிதர் அவரே, ஓராண்டு இடைவெளிதான். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட அந்த வித்தியாசம் முழுவதும் வாலுக்கே உரியது என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், பெரும்பகுதிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்படி ஈட்டியையோ எறியும் முறையையோ மாற்றித் தூரம் தேடியது முதல்முறையும் இல்லை. 1953இல் அமெரிக்கர் ஃபிராங்க்ளின் ஹெல்ட் 80.41 மீட்டர் எறிந்து எண்பதைத் தாண்டிய முதல் மனிதரானார். அவருடைய சகோதரர் டிக் ஹெல்ட், உள்ளே குடைந்து எடையைக் குறைத்து, அந்த எடைக்குத் தண்டைத் தடிமனாக்கிய ஈட்டிகளை வடிவமைத்தவர். எடை அதேதான், காற்று தாங்கும் பரப்பு கூடியது. 1956இல் ஸ்பெயினின் ஃபெலிக்ஸ் எராவுஸ்கின் வட்டு எறிவதைப் போலச் சுழன்று ஈட்டியை எறிந்து காட்டினார். தூரம் மலைக்க வைத்தது, திசைதான் கட்டுப்படவில்லை. சம்மேளனம் பதறிப்போய்த் தடை விதித்தது. எறிபவர் களத்துக்கு முதுகு காட்டிச் சுழலக் கூடாது என்ற விதி இன்றும் இருப்பது அதனால்தான்.

சுழற்சிக்கு இங்கே என்ன பங்கு

பந்து விளையாட்டுகளில் காற்றின் வேலையைப் பற்றிப் பேசினால் சுழற்சியில்தான் தொடங்குவோம். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாக வளைத்துத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கமாக அது தள்ளப்படுகிறது. மேக்னஸ் விளைவு என்ற இதனால்தான் சுவரைச் சுற்றி வளையும் ஃப்ரீ கிக்கும், காற்றிலேயே நகரும் சுழற்பந்தும் சாத்தியமாகின்றன.

ஈட்டியும் சுழல்கிறது. விரல்கள் பிடிகயிற்றை விட்டு விலகும்போது நீள அச்சைச் சுற்றி நொடிக்கு இருபது சுற்று அளவில் சுழற்சி ஏறிவிடுகிறது. துப்பாக்கிக் குண்டைப் போல இந்தச் சுழற்சிதான் ஈட்டியை நேராக வைத்திருக்கிறது என்று பயிற்சிக் களங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எண்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. விரல் பருமனுள்ள தண்டு தன் நீள அச்சைச் சுற்றிச் சுழலும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன் மிகச் சிறியது; குறுக்கே சுழலும்போது உள்ளதில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். நொடிக்கு இருபது சுற்று சுழன்றாலும் காற்றின் திருப்பு விசையை எதிர்த்து நிற்க அது போதாது. ஈட்டியின் முனை எங்கே நோக்கும் என்பதைத் தீர்மானிப்பது இரு மையங்களுக்கு இடையிலான தூரமே. 4 சென்டிமீட்டரால் ஒரு விளையாட்டின் முகத்தையே மாற்ற முடிந்ததற்கு இதுவும் காரணம். சுழற்சி வலுவாக இருந்திருந்தால் ஈர்ப்பு மையத்தை நகர்த்தியும் முனை எளிதில் கவிழ்ந்திருக்காது.

பிறகு

புதிய ஈட்டி, ஆட்டத்தின் சமநிலையையும் மாற்றியது. மிதக்கவிடும் நுட்பத்துக்கு இருந்த மதிப்புக் குறைந்து, புறப்படும் வேகத்துக்கு மதிப்பு ஏறியது. இன்றைய பயிற்சியில் ஓட்டத்தின் வேகம், முன்காலை ஊன்றி உடலை நிறுத்தும் உறுதி, தோளும் முழங்கையும் சாட்டையாக வெளிவரும் வரிசை ஆகியவற்றுக்கே பெரும்பகுதி நேரம் போகிறது. ஆயினும் ஈட்டியைப் பாதையோடு ஒரே கோட்டில் விடத் தெரியாதவருக்கு எவ்வளவு வேகம் இருந்தும் பயனில்லை. சில பாகை விலகினால் காற்று உடனே மீட்டர் கணக்கில் பிடித்துக்கொள்ளும்.

இந்தியாவுக்கு இந்த வழக்கோடு நேரடித் தொடர்பு உண்டு. நீரஜ் சோப்ரா 2018இல் காமன்வெல்த், ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற காலத்தில் அவருடைய பயிற்சியாளர் உவே ஹோன். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 எறிந்து ஒலிம்பிக் தங்கம் வென்றபோது உடனிருந்தவர் உடலியக்க விசையியல் அறிந்த கிளாவ்ஸ் பார்டோனியட்ஸ். 2025 மே மாதம் தோஹாவில் 90.23 எறிந்து முதன்முறை தொண்ணூறைத் தாண்டியபோது பயிற்சியாளர் யான் ஜெலெஸ்னி. பழைய ஈட்டியின் இறுதிச் சாதனையாளர், புதிய ஈட்டியின் சாதனையாளர் என இருவரிடமும் பயின்றிருக்கிறார். 2024 பாரிஸில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 எறிந்து ஒலிம்பிக் சாதனை படைத்தார், நீரஜ் 89.45இல் வெள்ளி. இந்த எண்களை ஹோனின் 104.80 உடன் ஒப்பிட்டு, இன்றைய வீரர்கள் குறைந்துபோனார்கள் என்று சமூக ஊடகங்களில் எழுதுபவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். இரண்டும் ஒரே பொருளை எறிந்த தூரங்கள் இல்லை.

வட்டு எறிதலில் இந்த வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. ஆண்களின் வட்டு 2 கிலோ எடை கொண்டது. விளிம்பில் எடை குவிந்த அது நொடிக்குச் சில சுற்றுகள் சுழன்றாலே சாய்வு மாறாமல் பறக்கும். ஈட்டியால் செய்ய முடியாததை இங்கே சுழற்சி செய்கிறது. சாய்வு நிலைத்திருப்பதால் எதிர்க்காற்று வட்டுக்கு உதவி. நொடிக்கு 25 மீட்டரில் பறக்கும் வட்டு நொடிக்கு 5 மீட்டர் எதிர்க்காற்றைச் சந்தித்தால், காற்றைப் பொறுத்து அதன் வேகம் 30 ஆகிறது. தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் 44 விழுக்காடு உயர்கிறது.

ஈட்டி மாறிய அதே 1986இல், ஜூன் மாதம், கிழக்கு ஜெர்மனியின் யுர்கன் ஷுல்ட் வட்டை 74.08 மீட்டர் எறிந்தார். 38 ஆண்டுகள் அதை யாராலும் தொட முடியவில்லை. 2024 ஏப்ரலில் லித்துவேனியாவின் மிகோலஸ் அலெக்னா 74.35 எறிந்து அதை முறியடித்தார். ஓராண்டு கழித்து 75.56 எறிந்தார். இரண்டும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ரமோனா என்ற ஊரின் திறந்தவெளிக் களத்தில் நடந்தவை. காற்று ஓயாமல் வீசும் சமவெளி அது. குறுவிரைவு ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனை செல்லாது. வட்டுக்கு அப்படி எந்த வரம்பும் விதிநூலில் இல்லை.